வாழையாகப் படுத்த ஊர்

போன வாரம் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது என் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவள் அனிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு வானிலை அலுவலகத்தில் சேர்ந்த பெண். பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"மேடம், ஒரு ஃபைல்ல நீங்க கையெழுத்து போட்ட ரிப்போர்ட் இருக்கு. குலசேகரம் பக்கத்துல அடிச்ச காத்தப் பத்தி. அதுகூட ஒரு போட்டோவும் இருக்கு. ஒரு சர்ச் முற்றத்துல ஆணும் பெண்ணுமா பத்தம்பது பேரு தரையில கெடக்காவ. எல்லாரும் செத்தா போனாவ?"

எனக்கு வந்த சிரிப்பில் தோசை கருகிப்போனது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சிரித்து முடித்தேன். அதுவரை அந்தப் பெண் பாவம், "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒருத்தரும் சாகல்ல பிள்ளே. நடுவுல குடையோட கெடக்கவரு எங்க ஆபீசர். அன்னைக்கு மத்தியானம் அவரு ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சாரு."

"பெறவு எதுக்கு மேடம் கெடக்காவ?"

போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது. எழுதித் தருகிறேன், ஃபைலோடு சேர்த்து வைத்துக்கொள் என்றேன். ஆகவே இதை எழுதுகிறேன். ஊர்ப்பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து என்னைத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும் ஏத்தன் வாழைக்குலை ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது.

நான் அலுவலகத்தில் பார்வையாளராகச் சேர்ந்தேன். பார்வையாளர் என்றால் சும்மா வேடிக்கை பார்க்கிறவள் என்று என் மாமியார் கடைசிவரை நம்பினார். அதிலும் பெரிய தப்பு இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக்கினால் மேகம் எத்தனை பங்கு, காற்று எந்தத் திசை, வெயில் எவ்வளவு, மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்ப வேண்டும். பயிற்சிக் காலத்தில் மேகங்களின் லத்தீன் பெயர்களையும் பலூனில் வாயு நிரப்பவும் கற்றேன். மற்றதெல்லாம் மாதேவன் சார் கற்பித்தது.

மாதேவன் சார் நாஞ்சில் நாட்டுக்காரர். ஒல்லியான உருவம், வெள்ளை அரைக்கைச் சட்டை, மழை உண்டோ இல்லையோ கையில் குடை, தோள்பையில் நாலு மட்டி வாழைப்பழம். "வானிலை ஆபீசரே குடையோட வாராரு, என்னத்த நம்பியது" என்று பஸ்ஸில் கேலி செய்வார்கள். "நம்புனதுனாலதான் கொண்டு வாரேன்" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யார் என்ன சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கண்டதா, கேட்டதா?" கேட்டது என்றால் அது காகிதத்தில் ஏறாது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் குறிப்பேட்டில் 'பலத்த மழை' என்று எழுதிவிட்டேன். அவர் பென்சிலை எடுத்து, 'பலத்த' என்ற சொல்லின் கீழ் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். "எத்தன மில்லிமீட்டர்னு எழுதிட்டேல்ல, பிள்ளே. பலம் அதுலயே தெரியும். ஒனக்க ஆச்சரியத்த வீட்டுல போயி சொல்லு." அன்றிலிருந்து என் ஆச்சரியமெல்லாம் வீட்டுக்குத்தான் போனது. என் வீட்டுக்காரர் நிறையக் கேட்டிருக்கிறார்.

டொர்னாடோ என்ற சொல்லும் அவரிடம் செல்லாது. எங்கேயாவது காற்று அடித்து நாலு முருங்கை சாய்ந்தால் போதும், டொர்னாடோ வந்துவிட்டதாம், படம் பிடித்தார்களாம் என்று போன் வரும். "அத நான் கண்டதில்ல" என்று சொல்லி, 'இடியுடன் கூடிய சூறைக்காற்று' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். அந்தப் படிவத்தில் சுழல்காற்றுக்குக் கட்டமே கிடையாது.

அந்த மே மாதம் ஒரு பிற்பகலில், குலசேகரத்துக்கு அப்பால் அந்தச் சிற்றூரைக் காற்று புரட்டிப் போட்டது. அடித்தது சில நிமிடங்கள்தான். எந்த மாதிரிக் காற்று என்று நேரில் பார்த்து எழுதித் தரும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. உத்தரவு மேசை மேசையாக ஏறி இறங்கி எங்கள் கைக்கு வர இரண்டு நாள் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலை சாரும் நானும் பஸ் ஏறினோம்.

காற்று எப்படிச் சுழல் பிடிக்கிறது என்று நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டது அந்த பஸ்ஸில்தான். சார் குடையைக் கிடையாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டார். "இது கீழ்க்காத்து, கடல்லருந்து ஈரத்தோட கெழக்க போவுது" என்று கீழ்க்கையை ஒரு பக்கம் நகர்த்தினார். "இது மேல்காத்து, பேச்சிப்பாறை மலையிலருந்து மேற்க வருது" என்று மேல்கையை எதிர்ப்பக்கம் நகர்த்தினார். குடை உருண்டது. "நடுவுல மாட்டுன காத்து இப்பிடித்தான் உருளும். கெடந்துக்கிட்டு உருளுத வரைக்கும் ஒருத்தருக்கும் தொந்தரவில்ல. மே மாசத்து வெயிலுக்கு மண்ணு கொதிச்சு, சூடான காத்து குபுகுபுன்னு மேல ஏறும். இடிமேகம் அத உறிஞ்சும். அந்த ஏத்தம் இந்த உருளையோட ஒரு முனையத் தூக்கிச்சுன்னு வையி." உருண்டுகொண்டிருந்த குடையின் முனையைத் தூக்கி நிறுத்தினார். அது சரியாகக் கண்டக்டரின் தாடையில் போய் நின்றது.

கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சார் குடையை விரித்துச் சுழற்றினார். மெதுவாகச் சுற்றியது. சுற்றும்போதே மடக்கினார், வேகம் பிடித்தது. "விரிஞ்சு சுத்துனா மெல்ல, ஒடுங்குனா வேகம். ஒடுங்கி ஒடுங்கி கீழ மண்ணத் தொட்டா அதுதான்." அப்போதும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "எல்லா இடிமேகத்துலயும் இது நடக்காது. எதுல நடக்கும்னு எனக்கும் முழுசாத் தெரியாது. நாம போயி கெடக்குத மரத்தப் பாக்கணும். நேர்காத்துன்னா எல்லா மரமும் ஒரே பக்கமா தலவச்சுக் கெடக்கும். சுழல்னா ரெண்டு ஓரத்து மரமும் எதிரும் புதிருமா, நடுவப் பாத்துத் தலவச்சுக் கெடக்கும். மரம் பொய் சொல்லாது." பஸ்ஸில் பாதிப் பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் மட்டும் நாலு சீட் தள்ளி நின்றுகொண்டார்.

பொய் சொல்லாத மரங்களைப் பார்க்க நாங்கள் போய் இறங்கினால், ஊரில் ஒரு மரம் கிடக்கவில்லை.

ஊர் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தெருவெல்லாம் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். முறிந்த தென்னை மடலெல்லாம் அறுத்து ஒரே அளவில் அடுக்கியிருந்தது. சபைக் கோயில் என்று அவர்கள் சொல்லும் சர்ச்சின் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்டி, நடுவே மாவிலைத் தோரணம் தொங்கியது. எங்களை வரவேற்கத்தான். நாங்கள் அளக்க வந்த வாழைகளில் இரண்டுதான் அப்படி வாசலில் நின்று எங்களை வரவேற்றன.

வெள்ளை வேட்டியில் ஒருவர் கைகூப்பி வந்தார். சபைச் செயலாளர் ஞானதாஸ். ஊரில் நல்ல வாழை விவசாயி. "வானிலையிலருந்து பெரிய சாரு வாராவண்ணு காத்தடிச்ச அன்னைக்கே தாலுக்கா ஆபீசுல கேட்டேன், ஊருல சொல்லிட்டேன் சார். சாரு வரும்ப ஒரு எலை கெடக்கப்பிடாது. ரெண்டே நாளாக்கும். ஊரையே கழுவி விட்டாச்சு."

மாதேவன் சார் முகத்தில் அதிர்ச்சியை நான் ஒருநாளும் கண்டதில்லை. அன்றும் காணவில்லை. ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

கோயில் வராந்தாவில் ஒரு பொருட்காட்சியே வைத்திருந்தார்கள். காற்று கொண்டுவந்து போட்ட சாமான்களை எடுத்து, கழுவி, வரிசையாக வைத்திருந்தார்கள். குக்கர் மூடி ஒன்று, மூன்று ஹெல்மெட், ஒற்றைச் செருப்புகள், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பாதி. சுயம்பு என்பவர் வீட்டருகே இருந்த நிழல்தாங்கலின், அதாவது அய்யாவழிக்காரர்களின் சிறு வழிபாட்டு இடத்தின், காவிக்கொடி, கோயில் மணியில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்ததாம். அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்ததை ஞானதாஸ் இரண்டு தடவை சொன்னார். சுயம்புவின் கோழி ஒன்று நாலு வீடு தள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குள் உயிரோடு கிடைத்தது. "அதுக்குப் பெறவு அது தரையில நிக்கமாட்டேங்குது சார், எடுத்து இடுப்புல வச்சாத்தான் இருக்கு" என்றார் சுயம்பு. கோழி அப்போதும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

சேதம் கொஞ்சமல்ல. ஓடு போன வீடுகள், வளைந்த மின்கம்பங்கள், வேரோடு பிடுங்கிப் போட்ட மரச்சீனிக் கிழங்குச் செடிகள், வெட்டுக்கு இன்னும் சில வாரமே இருந்த வாழை மொத்தமும் போனது. ஓர் அம்மாவுக்குக் கை முறிந்திருந்தது. இவ்வளவு இருந்தும் ஊர் முழுக்க ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறந்தவரெல்லாம் பாதியில் சிரித்தார்கள். கை முறிந்த அம்மாவும் கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு பெரிய காற்று வந்தும் ஒரு உயிரைக்கூட எடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

போனில் படம் எடுத்தவர்கள் நிறைய பேர். ஆளுக்கு ஆள் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாப் படத்திலும் எடுத்தவரின் கால்தான் ஓடுகிறது. "ஏசுவே", "அய்யா காப்பாத்தும்" என்று சத்தம் கேட்கிறது. ஒன்றில் மட்டும் அசையாமல் தெளிவாகத் தெரிந்தது. அது, எடுத்தவர் ஒளிந்திருந்த சமையலறையின் தரை.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஒருவர் ஞானதாஸ். இன்னொருவள் அவர் மகள் ஷீபா. மூன்றாவது ஆள் மதிலோரமாகத் தனியே நின்ற ஜெயசீலன், மஸ்கட்டில் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய பையன். கோயிலை ஒட்டிய சபை மண்டபத்துக்கு ஷீட் கூரை போட்டவன் அவன்தான். காற்று அந்தக் கூரையை இரும்புக் குழாயோடு முழுசாகத் தூக்கி, ரோட்டைத் தாண்டி வடக்கே ரப்பர் தோட்டத்தில் சுருட்டி எறிந்துவிட்டது.

ஷீபா என்னை அடிபம்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவளுக்கும் ஜெயசீலனுக்கும் கல்யாணம் உறுதியாகி, கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று. மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு. அதை வாசிக்க வேண்டாம் என்று ஞானதாஸ் போதகரிடம் சொல்லிவிட்டார்.

"அடுத்தால நிக்குத கோயிலுல ஒரு ஓடு அனங்கல்ல, இவன் போட்ட கூரை மட்டும் போச்சுண்ணா அது காத்துக்க குத்தமா, இவனுக்க குத்தமாண்ணு அப்பா கேக்காவ. சபைக்க காரியத்துல ஏமாத்துனவன் வீட்டுல நேரா நடப்பானாண்ணு கேக்காவ. என்னக் கட்டப்போறவரு எதிர்த்து ஒரு வார்த்த பேசமாட்டேங்காரு அக்கா. நான் ஒழுங்காத்தான் போட்டேன், நம்பினா நம்புங்கண்ணு நிக்காரு." அவள் கண் கலங்கியது. "நீங்க எழுதுததுலதான் எனக்க கல்யாணம் கெடக்கு."

எனக்கு அப்போதே எழுதிக் கொடுத்துவிடக் கை பரபரத்தது. ஆனால் சாருக்கு ஒரு மரமாவது வேண்டுமே.

ஒரே ஓர் இடம் துப்புரவாகாமல் தப்பியிருந்தது. ரோட்டுக்கு வடக்கே இருந்த அந்த ரப்பர் தோட்டம். முதலாளி துபாயில், போனை எடுக்கவில்லை, கேட்காமல் யாரும் கை வைக்கவில்லை. சாரும் நானும் திசைகாட்டியோடு உள்ளே போனோம். கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக, வேரிலிருந்து நுனிக்கு எந்தத் திசை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தென்மேற்கு. தென்மேற்கு. தென்மேற்கு. பால் சிரட்டை கட்டியபடியே எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன. ஒரே பக்கம் என்றால் நேர்காற்று. நேர்காற்று என்றால், கோயிலைத் தொடாமல் மண்டபத்தை மட்டும் பிரித்தது எப்படி? ஞானதாஸ் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

"சார், இது வடக்கு ஓரம் மட்டும்தானே. தெக்கு ஓரத்துல எதிர்ப்பக்கமா விழுந்திருக்கலாமே?"

"விழுந்திருக்கலாம். கண்டியா?"

காணவில்லை. தெற்கு ஓரம் மண்டபத்தை ஒட்டிய ஞானதாஸின் வாழைத்தோட்டம். அதைத்தான் அவர் கழுவித் துடைத்து வைத்திருந்தாரே.

"நான் போயி அவர்கிட்ட கேக்கட்டா சார்? கெழக்க விழுந்துதாண்ணு."

சார் திசைகாட்டியை மூடினார். "பிள்ளே, அந்தப் பொண்ணு ஒன்ட்ட அழுததப் பாத்தேன். நீ கெழக்கயான்னு கேட்டா கெழக்கம்பாவ, மேற்கயான்னு கேட்டா மேற்கம்பாவ. எது வேணும்னு நம்ம மூஞ்சியில தெரிஞ்சாலே போச்சு. நீ வாயத் தொறந்தா ரிப்போர்ட்டு செத்துது." நான் வாயை மூடிக்கொண்டேன். என் முப்பது வருட வேலையில் அதுதான் கஷ்டமான வேலை.

கோயில் முற்றத்துக்குத் திரும்பி வந்தோம். சார் பொதுவாகக் கேட்டார்: "உங்க உங்க வாழை எப்பிடிக் கெடந்துது?" அவ்வளவுதான். ஐம்பது கை ஐம்பது பக்கம் நீண்டது. "இப்பிடி", "இல்ல இப்பிடி", "ஒனக்க வாழைக்கு இப்பிடி, எனக்கதுக்கு இப்பிடி" என்று ஒருவர் கை இன்னொருவர் மூக்கில் இடித்தது. சுயம்புவுக்குப் பொறுக்கவில்லை. கோழியைப் பக்கத்து ஆள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கி மண்ணில் சடாரென்று படுத்தார்.

"கையக் காட்டுனா சாருக்கு வெளங்காது. இன்னா, இப்பிடியாக்கும் கெடந்துது. கால் கெடக்குத எடம் மூடு, தல கெடக்குத எடம் குலை."

சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். மேகத்தில் புதிதாக ஏதாவது தென்பட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

"எந்திரிக்கப்பிடாது" என்றார். "அப்பிடியே கெடக்கணும்."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை கிறுகிறுக்கும். மிச்சமிருந்த பிளீச்சிங் பவுடரை வாங்கி, முற்றத்தின் குறுக்கே சார் ரோட்டை வரைந்தார். திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்தார். வீடுகளும் தோட்டங்களும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் ஊர்க்காரர்களை நிறுத்தினார். "உங்க மரம் கெடந்த கெடப்புல நீங்க கெடக்கணும். பக்கத்துல கெடக்கவர பாக்கப்பிடாது. உங்க மரத்த மட்டும் நெனச்சுக்கிடுங்க."

"பாய் போடலாமா சார்?"

"போடலாம். தெசை மாறப்பிடாது."

"எனக்கது ரெண்டா முறிஞ்சுது சார். நான் எப்பிடிக் கெடக்க?"

"அடிமரம் மட்டும் கெடங்க."

நல்ல தொப்பையுள்ள ஒருவர், தன் வாழை குலையோடு விழுந்தது என்றார். அது பார்த்தாலே தெரிகிறது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு வரிசை முழுக்கக் குலுங்கிச் சிரித்ததில் திசை கொஞ்சம் மாறிவிட்டது. திரும்ப எழுந்து படுத்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கணம் கண்ணை மூடி யோசித்துவிட்டுப் படுத்தார். சார் என்னைப் பார்த்தார். நான் திசைகாட்டியை வைத்தேன். தென்மேற்கு. தோட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும் அளந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊரின் ஞாபகத்தை நம்பலாம் என்று அப்போது தெரிந்தது.

கீழே நின்றால் முழுசாகத் தெரியவில்லை. "கோயில் மணிமேடையில ஏறிப் படம் எடுக்க யாரு உண்டு" என்று சார் கேட்கும்போதே ஷீபா பாதிப் படி ஏறியிருந்தாள்.

ஞானதாஸ் மட்டும் படுக்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டி, சபைச் செயலாளர். ரோட்டுக்குத் தெற்கே, மண்டபத்துக்குப் பக்கத்தில் அவர் படுக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. சார் அவரை வற்புறுத்தவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தில் மேகம் எத்தனை பங்கு என்று பார்த்தேன்.

மேலேயிருந்து ஷீபாவின் குரல் வந்தது. "அப்பா, கெடங்கப்பா."

"நீ சும்மா இரு மக்கா. நான் சபைக்க ஆளாக்கும்."

படுத்திருந்த சுயம்பு தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: "ஓய், போதகரே அங்க தென்னையாட்டு கெடக்காரு. ஒமக்கு என்ன?"

அது உண்மைதான். போதகர் மூலையில் வெள்ளை அங்கியோடு நேராகக் கிடந்தார்.

ஞானதாஸ் துண்டை உதறி விரித்தார். குனிந்து மண்ணைப் பார்த்தார், மண்டபம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். தான் வைத்து வளர்த்த வாழை கிடந்த கிடப்பு எந்த விவசாயிக்கும் மறக்காது. மெல்ல உட்கார்ந்து, சாய்ந்து, தலையை வைத்தார். நான் திசைகாட்டியை இறக்கினேன்.

வடகிழக்கு.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுயம்பு தென்மேற்கே தலைவைத்துக் கிடந்தார். இந்தப் பக்கம் ஞானதாஸ் வடகிழக்கே தலைவைத்துக் கிடந்தார். இரண்டு தலைக்கும் நடுவே பிளீச்சிங் பவுடர் ரோடு மட்டும்தான். ரோடு நெடுக அப்படியே. வடக்கே கிடந்தவர்களும் தெற்கே கிடந்தவர்களும் தலைக்குத் தலை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. குறிப்பேட்டில் திசையை எழுதினேன்.

"ரோட்டோரத்துல புளியமரம் ஒண்ணு வேரோட விழுந்த குழியக் கண்டேனே" என்றார் சார். "அதுக்கு யாரு?"

அது புறம்போக்கில் நின்ற மரம், சர்க்கார் மரம். மாதேவன் சார் சுற்றிலும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "சர்க்கார் மரத்துக்கு சர்க்கார் ஆளுதான் கெடக்கணும். எந்தப் பக்கம்?" நேர் மேற்கே என்று பத்துப் பேர் சொன்னார்கள். அவர் ரோட்டின் நடுவே, இரண்டு தலைக்கும் இடையில், மேற்கே தலைவைத்துப் படுத்துக் குடையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஊரே சிரித்தது. இந்த முறை யாரும் அசையவில்லை.

சிரிப்பு அடங்கியபோது ஞானதாஸின் குரல் கேட்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், ஒரு காரியம் கேக்கட்டா? ஒரே காத்து, ஒரே நேரம். இந்தச் சுயம்பு அப்பிடிக் கெடக்கான், நான் இப்பிடிக் கெடக்கேன். சாரு ரெண்டுங்கெட்டானாட்டு நடுவுல கெடக்குது. இது எப்பிடி?"

"நீங்க என்ன நெனைக்கிய?" என்றார் சார், அவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே.

ஞானதாஸின் கை நெஞ்சுக்கு மேலே உயர்ந்து காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. "இது தள்ளுன காத்து இல்ல. பிடிச்சு முறுக்கி, பிடுங்கி எடுத்த காத்தாக்கும். ரோட்ட ஒட்டி ஒடுக்கமா ஒரு வழி போட்டு போயிருக்கு. அதுனாலதான் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்குத கோயில் தப்பிச்சுது." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இதுல எந்தக் கூரை நிக்கும்?" என்றார்.

மணிமேடையிலிருந்து ஷீபா எட்டிப் பார்த்தாள்.

"மண்டபத்துக் கூரைக்கு ஆளில்லாம கெடக்கே" என்றார் ஞானதாஸ், இப்போது சத்தமாக. "மதில்கிட்ட எனக்க மருமவன் நிக்குதானா? வந்து கெடக்கச் சொல்லு."

ஜெயசீலன் வந்தான். கூரை எப்படிக் கிடந்தது என்று சார் படுத்தபடியே கேட்டார். "சுருண்டு கெடந்துது சார்" என்றான். அன்று நான் அவன் வாயிலிருந்து கேட்ட முதல் வார்த்தை அதுதான். வடக்கே ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், பால்வெட்டும் அம்மாவின் காலருகே, முழங்காலை மடக்கி இறால் மாதிரி சுருண்டு படுத்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் நின்றதால் சரியாகத் தெரியவில்லை.

மத்தியானம், சபைத் திருநாளில் ஊருக்கே போடும் அசன விருந்துபோல் பெரிய சமையல். விழுந்த வாழையின் காயிலும் தண்டிலும் பூவிலும் செய்யாத கறி இல்லை. பந்தியில் ஞானதாஸ் சாரிடம், கூரையைப் பற்றியும் ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். "கூரையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. காத்த மட்டும்தான் எழுதுவேன்" என்று சார் சொல்லிவிட்டுப் பாயசத்துக்கு இலையைக் காட்டினார்.

அலுவலகம் திரும்பியதும் படிவத்தை எடுத்து வைத்தார். 'இடியுடன் கூடிய சூறைக்காற்று' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். கீழே கிடந்த வெள்ளை இடத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் 'டொர்னாடோ' என்று எழுதி, டிக் அடித்தார். "நீங்க கண்டதில்லியே சார்" என்றேன். "பிள்ளே, நான் அதுக்க நடுவுல கெடந்தவனாக்கும்" என்றார்.

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணம் அதே மண்டபத்தில், தார்ப்பாய் கட்டி நடந்தது. சாரும் நானும் போயிருந்தோம். கோழியும் வந்திருந்தது.

இதை எழுதி முடிக்கும்போது அனிதா அந்தப் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். சுயம்பு கிடக்கிறார், ஞானதாஸ் கிடக்கிறார், நடுவில் குடையோடு சார். ஓரத்தில் ஒருவன் சுருண்டு கிடக்கிறான். திசைகாட்டியோடு குனிந்து நிற்பவள் நான். ஷீபா மட்டும் இல்லை. தன் கல்யாணம் மறுபடி உறுதியான படத்தை எடுத்தவளே அவள்தான். ஆனால் படத்தின் இடது மூலையை நன்றாகப் பார், அனிதா. மங்கலாகச் சிவப்பாக ஏதோ ஒன்று மறைக்கிறதே, அது கேமராவின் கோளாறு இல்லை. அவள் கட்டைவிரல். அதை வெட்டாமல் ஸ்கேன் செய்.